ஒரே நீளம், ஒரே விலை; பின்சீட் மட்டும் ஏன் வேறு?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "குடும்பத்துக்கு ஒரு நடுத்தர செடான் வாங்கலாம் என்று கேம்ரி, அக்கார்டு, சொனாட்டா மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். நீளம், அகலம், விலை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மேடு பள்ளத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி போகிறது. இது உண்மையா, மனப்பிரமையா? உண்மை என்றால் எதைப் பார்த்து வாங்குவது?"

உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் விற்பனைக் கையேட்டில் இருக்காது. 2018 மாடல் கேம்ரியின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2825 மி.மீ. அதே ஆண்டு அக்கார்டுக்கு 2830. இரண்டிலும் முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் பல கைகள் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கும் மல்டிலிங்க் அமைப்பு. காகிதத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். சொகுசைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஸ்பிரிங் எவ்வளவு இளக்கம், ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் எந்தத் துளை வழியே போகிறது, டயர் எவ்வளவு உயரம் என்பதுதான். இவற்றில் எதையும் ஷோரூமில் நின்றுகொண்டு பார்க்க முடியாது.

ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குவோம். பள்ளியில் படித்ததுதான்: ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு இழுத்து விட்டால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும். ஒரு நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறதோ அது அதன் இயல்பு அலைவெண். வண்டியின் உடல் நான்கு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் ஒன்று உண்டு. வண்டியின் எடை ஸ்பிரிங்கை 25 செ.மீ. அமுக்கி வைத்திருந்தால் அலைவெண் நொடிக்கு 1. 16 செ.மீ. என்றால் 1.25. 11 செ.மீ. என்றால் 1.5. குடும்பச் செடான்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. அதைத் தாண்டி மேலே போகப் போக ஸ்போர்ட்ஸ் கார்.

ஏன் இந்த எல்லை? உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கு மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 வரையிலான பகுதிதான் மிகவும் வேதனை. வயிறும் மார்பும் அந்த வேகத்தில்தான் தாமும் சேர்ந்து ஆடத் தொடங்கும். அதனால் வண்டியின் ஆட்டத்தை அதற்கு வெகு கீழே வைக்கிறார்கள். சரி, இன்னும் இளக்கமாக்கி 0.5க்குக் கொண்டுபோகலாமே என்றால், ஸ்பிரிங் ஒரு மீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். அதற்கு வண்டியில் இடம் ஏது!

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வண்டி ஒரு மேட்டில் ஏறுகிறது. முதலில் முன்சக்கரம் ஏறும், சற்றுக் கழித்துப் பின்சக்கரம். மணிக்கு 72 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். 2.83 மீட்டர் வீல்பேஸைக் கடக்க 0.14 நொடி. ஆக, வண்டியின் முன்பக்கம் ஆடத் தொடங்கி 0.14 நொடி கழித்துத்தான் பின்பக்கம் ஆடத் தொடங்குகிறது. இரு பக்கமும் ஒரே அலைவெண்ணில் ஆடினால் அந்தத் தாமதம் கடைசிவரை அப்படியே நிற்கும். முன்பக்கம் இறங்கும்போது பின்பக்கம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். வண்டி தலையாட்டும். பின்சீட்டில் இருப்பவரின் இடுப்பு கொஞ்சமாகவும் தலை அதிகமாகவும் முன்னும் பின்னும் போகும். ஏனென்றால் ஆட்டத்தின் மையத்துக்கு மேலே, உயரத்தில் இருப்பது தலை. வெறுமனே மேலும் கீழும் போனால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். இந்தத் தலையாட்டலைத்தான் பொறுப்பதில்லை.

இதற்கு வழி, பின் ஸ்பிரிங்கை முன் ஸ்பிரிங்கைவிட விறைப்பாக வைப்பது. இரண்டு ஊஞ்சல்களை நினைத்துக்கொள்ளுங்கள். நீளக் கயிற்று ஊஞ்சலை முதலில் தள்ளிவிட்டு, சற்றுப் பொறுத்துக் குட்டைக் கயிற்று ஊஞ்சலைத் தள்ளுகிறீர்கள். குட்டைக் கயிறு வேகமாக ஆடும். எனவே பின்னால் கிளம்பினாலும் ஓர் ஆட்டத்துக்குள் மற்றதை எட்டிப் பிடித்துவிடும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். முன்பக்கம் நொடிக்கு 1.2 முறை ஆடுகிறது என்று வைத்தால் ஓர் ஆட்டம் முடிய 0.83 நொடி. பின்பக்கம் 1.4 என்றால் 0.71 நொடி. பின்பக்கம் 0.14 நொடி தாமதமாகக் கிளம்பியது. ஆக அது ஆட்டத்தை முடிப்பது 0.85வது நொடியில். முன்பக்கம் முடித்தது 0.83ல். இடைவெளி 0.02 நொடி! இரு பக்கமும் சேர்ந்து வந்து நிற்கின்றன. தலையாட்டல் வெறும் ஏற்ற இறக்கமாக மாறிவிட்டது. அதற்குள் ஷாக் அப்சார்பர் மிச்ச ஆட்டத்தையும் அடக்கிவிடும். கம்ப்யூட்டர் இல்லை, மோட்டார் இல்லை, உணரி இல்லை. இரண்டு ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றி வைத்தே காலத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். எத்தனை முறை இந்தக் கணக்கைப் போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதைத் தெளிவாக்கியவர் மாரிஸ் ஓலி என்ற பொறியாளர். ரோல்ஸ் ராய்ஸில் இருந்து 1930ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த கேடிலாக்குக்கு வந்தவர். முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைப் பொருத்திய ஒரு பெரிய காரைத் தயாரித்து, எடையையும் ஸ்பிரிங்கையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அன்றைய கார்களில் நிலைமை தலைகீழ்: முன் ஸ்பிரிங்தான் விறைப்பு. இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைத்திருந்ததால், ஸ்பிரிங்கை இளக்கினால் சக்கரங்கள் படபடவென்று உதறத் தொடங்கிவிடும். முன்பக்கத்தை இளக்க வேண்டுமானால் அந்த அச்சையே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு 1934 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்ததற்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

இதில் குடும்பஸ்தர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே போட்ட கணக்கு ஓட்டுநர் மட்டும் இருக்கும் வண்டிக்கு. எடுத்துக்காட்டாக, பின் ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை அப்போது 550 கிலோ என்று கொள்வோம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பெட்டிகள் என்று 250 கிலோ சேர்ந்தால் 800. ஸ்பிரிங் அதேதான், எடை கூடிவிட்டது, அலைவெண் 1.4லிருந்து 1.16க்கு இறங்கிவிடும். இப்போது பின்பக்கம் தன் ஆட்டத்தை முடிப்பது ஒரு நொடியில். முன்பக்கத்துக்கும் அதற்கும் இடைவெளி 0.02லிருந்து 0.17 ஆகிவிட்டது. தனியாக ஓட்டிப் பார்த்தபோது மிதந்த வண்டி, குடும்பத்தோடு போகும்போது தலையாட்டுகிறது. சில நிறுவனங்கள் நிறைந்த வண்டியை மனதில் வைத்துப் பின் ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கின்றன. அதைத் தனியாக ஓட்டினால் பின்பக்கம் கொஞ்சம் முரடாகத் தெரியும், ஆனால் ஆள் ஏறியதும் அழகாக அமரும். ஆகவே அரை மணி நேரம் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது சொகுசு, அது முரடு" என்று முடிவு கட்டுவது நியாயமே இல்லை.

வேகமும் முக்கியம். மணிக்கு 36 கி.மீ. என்றால் தாமதம் இரட்டிப்பாகி 0.28 நொடி. அப்போது இந்த ஊஞ்சல் கணக்கு பொருந்தாது. நெடுஞ்சாலையில் அருமையாகப் போகும் வண்டி தெருவில் சுமாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து ஷாக் அப்சார்பர். பெயர்தான் அப்படி, அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங்கும் டயரும்தான். ஷாக் அப்சார்பரின் வேலை, ஆட்டத்தை நிறுத்துவது. எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் துளைகள், துளைகளை மூடிக்கொண்டு காகிதம் போல மெல்லிய எஃகு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. பிஸ்டன் மெதுவாக நகர்ந்தால் வட்டுகள் வளையாது, எண்ணெய் ஒரு சிறு இடுக்கில்தான் கசிந்து போக வேண்டும், எனவே விறைப்பு. பள்ளத்தில் சக்கரம் சட்டென்று இறங்கி ஏறினால் எண்ணெயின் அழுத்தத்தில் வட்டுகள் வளைந்து வழிவிடும், எனவே இளக்கம். வளைவில் வண்டி சாய்வது மெதுவான அசைவு. பள்ளத்தின் அடி வேகமான அசைவு. ஒரே கருவி முதலாவதற்கு விறைப்பாகவும் இரண்டாவதற்கு இளக்கமாகவும் இருக்கலாம். சொகுசும் ஓட்டும் சுகமும் ஒன்றாகக் கிடைக்காது என்பது இந்த அளவுக்குப் பொய். அந்த வட்டுகளின் எண்ணிக்கையிலும் கனத்திலும் எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் என்பதில்தான் இந்த வகை கார்கள் ஒன்றையொன்று ஜெயிக்கின்றன. வட்டின் விலை அற்பம். அதைச் சரியாக அடுக்கிய பொறியாளரின் நேரம்தான் பெரிய செலவு.

இதனால்தான் அமைப்பின் பெயரை வைத்து வாதம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அக்கார்டில் 1980களின் நடுவிலிருந்து 2012 மாடல் வரை முன்னால், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் டபுள் விஷ்போன் இருந்தது. 2013ல் அதை எடுத்துவிட்டு இடத்தை அடைக்காத, மலிவான மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டுக்கு மாறினார்கள். ரசிகர்கள் வருந்தினார்கள். ஆனால் அதன்பின் வந்த அக்கார்டுகளையும், வளைவுகளில் ஓட்டச் சுகமானவை என்று பலரும் பாராட்டினார்கள்.

ஓட்டும் சுகம் என்று வந்தால், நான் முதலில் கவனிப்பது ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி ஒரே அசைவில் சாய்ந்து அமர்கிறதா, இரண்டு மூன்று தவணையில் அமர்கிறதா என்பதை. மஸ்டா 2016ல் இதற்கு ஓர் அழகான தந்திரத்தைக் கொண்டுவந்தது. மஸ்டா 6 செடானிலும் அது வந்தது. ஸ்டீயரிங் திரும்பிய கணத்தில் எஞ்சினின் இழுவிசையை ஒரு துளி குறைப்பார்கள். ஓட்டுபவருக்குத் தெரியாது, ஆனால் எடை இம்மியளவு முன்டயர்களுக்கு நகர்ந்து பிடிப்பு கூடும்.

சாய்வைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் கம்பி ஒன்று பெரும்பாலான வண்டிகளில் இருக்கும். வேகத்தடையில் இரு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கம்பி சும்மா திரும்பும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் முறுக்கிக்கொண்டு மறுபக்கத்தையும் இழுக்கும். தடிமனான கம்பி போட்டால் வளைவில் சுகம், பள்ளத்தில் தலை இடவலமாக ஆடும். உயரமான எஸ்யூவிகளுக்கு இந்தச் சிக்கல் அதிகம். எடையின் மையம் மேலே இருப்பதால் சாய்வைத் தடுக்க இன்னும் விறைப்பு தேவை. செடான் தாழ்வாக இருப்பதாலேயே இளக்கமாக இருக்க முடிகிறது. ஃபோர்டு ஃப்யூஷன், செவ்ரோலே மலிபு என்று அமெரிக்காவில் இந்த வகை ஒவ்வொன்றாக நின்றுபோவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பணத்துக்கு ஏற்ற மதிப்பு பற்றிக் கேட்டால் டயரைப் பாருங்கள். 2018 கேம்ரியின் அடிப்படை வகையில் 205/65 ஆர்16, அதாவது அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், சக்கரம் 16 அங்குலம். டயரின் பக்கச்சுவர் உயரம் 133 மி.மீ. அதே காரின் விலை கூடிய ஸ்போர்ட் வகையில் 235/40 ஆர்19; பக்கச்சுவர் 94 மி.மீ.தான். கிட்டத்தட்ட 4 செ.மீ. காற்று மெத்தை குறைந்துவிட்டது. பெரிய சக்கரம் பொதுவாகக் கனமாகவும் இருக்கும். "கனமான வண்டி குலுங்காது" என்பார்கள். ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள எடைக்கு அது பொருந்தும். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடினால் குலுக்கல் கூடத்தான் செய்யும். வளைவில் பிடிப்பு கொஞ்சம் கிடைக்கும், பின்சீட்டின் சொகுசைப் பறிகொடுப்பீர்கள். அதற்கு அதிக விலை வேறு.

மோதல் சோதனைக்கு நட்சத்திரம் தருகிறார்கள். எரிபொருளுக்குச் சோதனைச்சாலை எண் தருகிறார்கள். இருக்கையில் எவ்வளவு அதிர்வு வருகிறது என்பதை, உடம்பு எந்த அலைவெண்ணுக்கு எவ்வளவு நோகும் என்ற எடைபோடலோடு அளக்க ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேச முறை 1970களிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் வாங்குபவர் கைக்கு அந்த எண் வருவதில்லை. ஒரே சாலை, ஒரே வேகம், காலி வண்டி ஒருமுறை, நிறைந்த வண்டி ஒருமுறை என்று அளந்து வெளியிட அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதுகுவலிக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் அது குதிரைத்திறனைவிடப் பயன்படும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது: சிறிய சக்கரம் போட்ட வகையைக் கேட்டு வாங்கி, பின்சீட்டில் வீட்டு ஆட்கள் மூன்று பேரை ஏற்றி, டிக்கியிலும் கனம் வைத்து, ஒரே மேட்டை மெதுவாக ஒருமுறையும் நெடுஞ்சாலை வேகத்தில் அதுபோன்ற இன்னொன்றை ஒருமுறையும் கடந்து பாருங்கள். டயரில் காற்று சரியான அழுத்தத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், ஷோரூம் வண்டிகளில் அது ஏறுமாறாக இருக்கலாம். அப்புறம் ஒரு சுற்று நீங்களே பின்சீட்டில் உட்கார்ந்து, வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.