எலிக்கு யாரும் ஐ.என்.ஆர். பார்ப்பதில்லை

"சத்தம் சரியா கேக்கலைங்க சார்."

அவசரப் பிரிவுக்கு மனைவியைக் கூட்டி வந்தவர் முதலில் சொன்னது இதைத்தான். மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை, இரண்டு நாளாக இருமல் என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது.

அந்த அம்மாவுக்கு 44 வயது. சிறு வயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், 14 வருடங்களுக்கு முன்பு செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். அந்த வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ராத்திரி கரன்ட் போய் ஃபேன் நின்றுவிட்டால், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நன்றாகவே கேட்கும். 14 வருடம் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிய மனிதர், அது மங்கிப்போனதை எங்கள் எக்கோ மெஷினுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எக்ஸ்ரே திரையில் பார்த்தபோது வால்வின் இரண்டு கதவுகளில் ஒன்று அசையவே இல்லை. ரத்தம் உறைந்து கட்டியாகி அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?" என்றேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. கூட வந்த மகன், கல்லூரி இரண்டாம் வருடம், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அது எலி மருந்துங்களாமே சார்? வீடியோல பாத்தேன். நாந்தான் நிறுத்தச் சொன்னேன்." நிறுத்தி 17 நாள் ஆகியிருந்தது.

அவனைத் திட்ட மனம் வரவில்லை. அவன் பார்த்தது பொய்யும் இல்லை. வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க அம்மா போட்டுக்கொண்டிருந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. பாதிக் கதையோடு வீடியோ முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அம்மாவுக்குக் கட்டி கரைக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்த அந்த ராத்திரி, மீதிக் கதையை அவனுக்குச் சொன்னேன்.

1933, பிப்ரவரி மாதம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். பனிப்புயல் அடிக்கிற ஒரு சனிக்கிழமை. எட் கார்ல்சன் என்ற விவசாயி 190 மைல் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் நகருக்கு வருகிறார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடேரி, ஒரு பால் கேனில் ரத்தம், நூறு பவுண்டு கெட்டுப்போன உலர்தீவனம். தேடி வந்த கால்நடை அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் திறந்திருந்த கட்டடத்துக்குள் நுழைகிறார். அது உயிர்வேதியியல் பேராசிரியர் கார்ல் பால் லிங்க்கின் இடம்.

ஆட்டு ரத்தம் வாங்கிப் பொரியல் செய்கிற வீடுகளில் இதைச் சொன்னால் உடனே புரியும். சட்டியில் பிடித்த ரத்தம் கொஞ்ச நேரத்திலேயே கட்டியாகிவிடும். கார்ல்சன் கொண்டுவந்த கேனில் ரத்தம் அத்தனை தூரம் குலுங்கி வந்தும் தண்ணீராகவே இருந்தது.

பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் சாகின்றன என்பதை அதற்குப் பத்து வருடம் முன்பே கனடாவில் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். (கொரியாவின் 1919 விடுதலைப் போராட்டத்தைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டியவரும் இவர்தான். இன்று சியோலில் தேசியக் கல்லறையில் இருக்கிறார். ஒரு மாட்டு வைத்தியருக்கு எப்படியொரு வாழ்க்கை!) ஆனால் தீவனத்தில் இருக்கும் அந்தப் பொருள் என்ன என்று யாருக்கும் தெரியாது. தீவனத்தை மாற்று, முடிந்தால் மாட்டுக்கு ரத்தம் ஏற்று என்பதற்கு மேல் லிங்க்காலும் எதுவும் சொல்ல முடியவில்லை. கார்ல்சன் பனியில் திரும்பிப் போனார்.

அதைக் கண்டுபிடிக்க லிங்க்கின் குழுவுக்கு ஆறு வருடம் ஆனது. 1939ல் ஹெரால்ட் கேம்ப்பெல் என்ற மாணவர் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். டைகூமரால் என்று பெயர் வைத்தார்கள். உலர்ந்த புல்லுக்கு நல்ல வாசனை தருகிற கூமரின்தான் பூசணத்தின் கையில் சிக்கி இப்படி மாறியிருந்தது. 1945ல் லிங்க்கே காசநோயில் சானடோரியத்தில் படுக்க வேண்டி வந்தது. படுத்த இடத்தில் எலி ஒழிப்பு பற்றிப் படித்தார். ஆய்வகத்தில் செய்து வைத்திருந்த கூமரின் வகைகளில் 42ஆம் எண் எலிகளுக்குச் சரியாக வரும் என்று தோன்றியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் அறக்கட்டளையின் முதலெழுத்துகளையும் (WARF) கூமரினின் வாலையும் ஒட்டி வார்ஃபரின் என்று பெயரிட்டார்கள். 1948ல் எலி மருந்தாக வெளிவந்தது. வீடியோ இங்கேதான் நின்றுவிட்டது.

1951ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஓர் இளைஞன் சாக வேண்டும் என்று அதை நிறையத் தின்றான். விட்டமின் கே கொடுத்து, ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இவ்வளவு தின்ற மனிதனையே மீட்க முடிகிறது என்றால், அளந்து கொடுத்தால் என்ன என்ற எண்ணத்துக்கு அது தைரியம் கொடுத்தது. 1954ல் மனிதர்களுக்கு அனுமதி. அடுத்த வருடமே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு இதைத்தான் கொடுத்தார்கள்.

"அப்ப விஷந்தானே சார்?" என்றான் பையன். விடுகிற ஆள் இல்லை. விஷம்தான். எலி நாலைந்து நாள் அளவில்லாமல் தின்கிறது. எலிக்கு யாரும் ஐ.என்.ஆர். பார்ப்பதில்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அந்த எண்ணை உன் அம்மாவுக்குப் பார்க்கிறோம்.

'ரத்தத்தை நீர்க்கச் செய்கிற மாத்திரை' என்று நாங்களே சொல்லிச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். ரத்தம் நீர்த்தெல்லாம் போவதில்லை. ரத்தசோகையும் இதனால் நேரடியாக வராது. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் விட்டமின் கே வைத்துச் செய்கிறது. அந்த விட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த விடாமல் மாத்திரை தடுக்கிறது. அசெனோகூமரால் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரதங்கள் தீர்ந்துபோக நாலைந்து நாள் ஆகும். அதனால் இன்று போட்ட மாத்திரையின் பலன் இன்று தெரியாது. இன்று விட்டதன் கெடுதலும் இன்றே தெரியாது. "ரெண்டு நாள் விட்டுட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் பரிசோதனையை 1935ல் ஆர்மண்ட் குவிக் கொண்டுவந்தார். ஆனால் ஒவ்வொரு லேபிலும் வேறு வேறு ரசாயனம். ஓர் ஊரில் சரியாக இருந்த அளவு இன்னோர் ஊரில் தப்பாகத் தெரிந்தது. எல்லா லேபுக்கும் பொதுவான கணக்கை 1983ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதுதான் ஐ.என்.ஆர். மாத்திரை போடாத ஆளுக்கு 1 இருக்கும். இந்த அம்மாவைப் போல மைட்ரல் இடத்தில் செயற்கை வால்வு உள்ளவர்களுக்குப் பொதுவாக 2.5லிருந்து 3.5 வரை வைக்கிறோம். அன்றைக்கு அவருக்கு 1.1.

மஞ்சள் பையிலிருந்து அவருடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கங்களில் மாதம் தவறாமல் தேதி, எண், டோஸ். 2.8, 3.1, 2.6. அப்புறம் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. கடைசி எண் ஐந்து மாதத்துக்கு முந்தையது. "ஒரு டெஸ்டுக்கு வந்தா ரெண்டு பேருக்கும் ஒரு நாள் தறிக் கூலி போயிடுதுங்க" என்றார் கணவர். வீடியோவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

டெஸ்டே தேவைப்படாத புது மாத்திரை இருக்கிறதே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இருக்கிறது, நல்ல மருந்துகள்தான். காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள் பலருக்கு நானே எழுதுகிறேன். இந்த அம்மாவுக்குப் பொருத்தியதைப் போல 'டிக்' என்று மூடுகிற இயந்திர வால்வுக்குக் கூடாது. புது மாத்திரைகளில் ஒன்றான டபிகட்ரானை அப்படிக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பக்கவாதமும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2013ல் முடிவு வெளிவந்தது. ரூமாட்டிக் இதய நோயில் துடிப்பு தாறுமாறாகிப்போன 4,500 பேருக்கு மேல் சேர்த்து நடந்த இன்விக்டஸ் ஆய்வில், இன்னொரு புது மாத்திரையான ரிவராக்சபானை விடப் பழைய மாத்திரைதான் அதிகம் பேரைக் காப்பாற்றியது. அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த கணேசன் கார்த்திகேயன் அதில் முக்கியமானவர். 2022ல் வெளிவந்தது. புது மருந்து ஜெயிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கீரையில் விட்டமின் கே இருக்கிறதே என்று கேட்காத நோயாளி கிடையாது. முருங்கைக்கீரையை விட வேண்டாம். வாரம் இரண்டு நாள் சாப்பிடுகிற வீடென்றால் அப்படியே சாப்பிடுங்கள். திடீரென்று தினமும் கீரை, இல்லையென்றால் அறவே இல்லை என்பதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும். கீரையை விட எனக்கு அதிகப் பயம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற மாத்திரைகள் மேல். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோநிடசோல் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பல் பிடுங்கப் போனாலும், குழந்தை பெற நினைத்தாலும், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் முதலில் எங்களிடம் வாருங்கள். கருப்பையில் முதல் மூன்று மாதத்தில் இது குழந்தையைப் பாதிக்கும். அதற்கு வேறு வழி வைத்திருக்கிறோம். மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, அது ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கட்டி கரைக்கும் மருந்தில் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. கையெழுத்து வாங்கும்போது அதைச் சொன்னேன். பையன் கை நடுங்கியது. மூன்றாம் நாள் மூச்சுத்திணறல் குறைந்தது. திரையில் இரண்டு கதவும் திறந்து மூடின. நோட்டில் விட்டுப்போன இடத்துக்குக் கீழே புது ஐ.என்.ஆரை அவன்தான் எழுதினான்.

நாலாம் நாள் ரவுண்ட்ஸ் போனபோது சிஸ்டர் ஒரு புகாரோடு நின்றார். ராத்திரி முழுக்க யாரோ வார்டு ஃபேனை அடிக்கடி நிறுத்துகிறார்களாம், மற்ற நோயாளிகள் சத்தம் போடுகிறார்களாம். யாரென்று நான் கேட்கவில்லை.