எட்டாவது எழுத்து

கொரோனா முதல் அலையில் பல வீடுகளில் இதைப் பார்த்தோம். ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார்; கூடவே இருந்த இன்னொருவருக்குத் தும்மல்கூட வராது. பரிசோதித்தால் இவருக்கும் பாசிட்டிவ். இது வெறும் அதிர்ஷ்டமா? சிலர் விஷயத்திலாவது அப்படியில்லை.

வைரஸ் புகுந்த செல் சும்மா இருப்பதில்லை. உள்ளே உருவாகும் வைரஸ் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டிக் காட்டும். ரோந்து வரும் நோய் எதிர்ப்புச் செல்லான டி செல் அதைத் தொட்டுப் பார்த்து, அந்நியம் என்று தெரிந்தால் அந்தச் செல்லையே அழித்துவிடும். துண்டில் பெரும்பாலும் 9 அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கட்டுமானக் கற்கள், இருக்கும்.

கோவிட் வைரஸின் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம் 1273 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. முதலிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தி ஒன்பது ஒன்பதாக எடுத்தால் 1265 துண்டுகள். எச்.எல்.ஏ. வகைகளோ ஆளுக்கு ஆள் மாறும், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சோதனைக்குழாயில் பார்த்து முடியாது. இங்கேதான் கணினி வருகிறது. எந்தத் துண்டு எந்தப் பள்ளத்தில் ஒட்டியது என்ற பழைய ஆய்வக அளவீடுகளிலிருந்து மென்பொருள் பாடம் கற்கிறது. பி1501 என்ற எச்.எல்.ஏ. வகைக்கு, துண்டின் இரண்டாம் இடத்தில் குளூட்டமின் என்ற அமினோ அமிலமும் கடைசியில் ஃபீனைல்அலனினும் இருந்தால் பிடிக்கும் என்பதைப் போல.

அப்புறம் உறவுக்கார வைரஸ்களின் புரதங்களை வரிசையாக அடுக்கி ஒப்பிட வேண்டும். சாதாரண சளி தரும் ஓ.சி.43, மாடுகளிலிருந்து மனிதருக்குத் தாவியதாகக் கருதப்படும் கொரோனா வைரஸ். அதன் ஸ்பைக் புரதம் மேல்பகுதியில் நம் கோவிட் வைரஸிலிருந்து ரொம்பவே விலகியிருக்கிறது. செல்லோடு இணையும்போது வில்போல் மடங்கி நிமிரும் கீழ்ப்பகுதி அப்படியில்லை. அங்கே கை வைத்தால் வைரஸால் செல்லுக்குள் நுழையவே முடியாமல் போகலாம். அதனால் மாற்றம் குறைவு.

அந்தப் பகுதியில் 919ஆம் இடத்தில் தொடங்கும் துண்டுதான் நம் கதாநாயகன். ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் ஓர் எழுத்தாகக் கொண்டால், ஒன்பது எழுத்தில் எட்டாவது மட்டும் கோவிட் வைரஸில் குளூட்டமின், சளி வைரஸில் அலனின். மற்ற எட்டும் ஒன்றே.

ஜில் ஹாலன்பாக் தலைமையிலான குழு அமெரிக்க எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பட்டியலிலிருந்து, தடுப்பூசிக்கு முன் தொற்று வந்த 1,428 பேரை ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. அறிகுறியே இல்லாதவர் 136 பேர். அவர்களில் ஐந்தில் ஒருவரிடம் பி1501 இருந்தது. அறிகுறி வந்தவர்களில் அது 9 சதவீதம்தான். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் இருந்தால் அறிகுறியில்லாமல் தப்பும் வாய்ப்பு எட்டு மடங்குக்கு மேல். கோவிட் வருவதற்கு முன்பே சேகரித்த இரத்தத்திலும் இந்தத் துண்டை அடையாளம் கண்ட டி செல்கள் இருந்தன. முன்பு வந்த சளி, பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறது!

கணினியை மட்டும் நம்பியிருந்தால் இது நிரூபணமாகியிருக்காது. பள்ளத்தில் துண்டு உட்காருமா என்பதை அது நன்றாகவே கணிக்கும். செல் அதைச் சரியாக அந்த இடத்தில் வெட்டுமா, டி செல் கண்டுகொள்ளுமா என்பதற்கு இரத்த மாதிரி வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஸ்டெஃபனி கிராஸ் குழு இரண்டு துண்டுகளையும் பள்ளத்தில் வைத்துப் படிகமாக்கிப் பார்த்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தோற்றத்தில் உட்கார்ந்திருந்தன.

இந்த நினைவு எத்தனை நாள் தாங்கும்? சிங்கப்பூரில் 2003இல், கோவிட் வைரஸின் உறவுக்கார வைரஸ் தந்த சார்ஸ் நோயிலிருந்து மீண்ட 23 பேரின் டி செல்களுக்கு, 17 ஆண்டு கழித்து, கோவிட் வைரஸின் நியூக்ளியோகேப்சிட் (மரபுப்பொருளைப் பொதியும்) புரதத் துண்டுகளைக் காட்டினார்கள். அவை விழித்துக்கொண்டன.