மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 'நோய் இல்லை' என்று எழுதாதீர்கள்

"அப்பாவுக்கு வேறு எதுவும் இல்லை சார். பிரஷருக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை. அதுவும் கன்ட்ரோல்ல இருக்கு. அதை எழுதணுமா?"

வெளிநாடு போகும் குடும்பங்கள் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது, காப்பீட்டு ஆலோசகராக நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எழுதத்தான் வேண்டும். அழுத்தம் சீராக இருக்கிறது என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், நோய் போய்விட்டது என்று அல்ல.

இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போன ஒருவர், பெற்றோரை ஆறு மாதம் உடன் வைத்துக்கொள்ள அழைத்தார். படிவத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக் செய்துவிட்டார். மூன்றாவது வாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. அவசரப் பிரிவில் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டதும், அம்மா கைப்பையிலிருந்து பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். அதில் தவறே இல்லை. உயிர் காக்க அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அது மருத்துவக் குறிப்பில் ஏறியது. க்ளெய்ம் வந்தபோது நிறுவனம் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து மறுத்துவிட்டது. அப்பா பிழைத்தார். பில்லை மகன் தவணையில் கட்டினார். அவர் என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, உண்மையை எழுதிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. குறுகிய காலப் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் பழைய நோய்க்குத் தொடர் சிகிச்சை தராது. சில பாலிசிகள் அந்த நோய் திடீரென்று முற்றினால் மட்டும் தரும். அதற்கும் வயது வரம்பு, தனி உச்சவரம்பு, இத்தனை மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் தொகையை விட, எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் 'விலக்குகள்' பக்கத்தை முதலில் படியுங்கள். குடும்பத்தில் யாருக்கு மருத்துவமனை தேவைப்பட அதிக வாய்ப்போ, அவரை மனதில் வைத்துப் படியுங்கள்.

இன்னொரு இடத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான சில திட்டங்களில் அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். பில் எவ்வளவு வந்தாலும் அட்டவணைத் தொகைதான் வரும், மீதி உங்கள் கையிலிருந்து. மருத்துவச் செலவு அதிகமான நாடுகளுக்கு இதை நான் பரிந்துரைப்பதே இல்லை.

விசா கேட்கும் அளவை மட்டும் எடுத்தால் போதும் என்ற எண்ணமும் வேண்டாம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும். அமெரிக்காவின் ஜே-1 விசாவில் (படிப்பு, ஆய்வு போன்ற பரிமாற்றத் திட்டங்களுக்கானது) போகிறவருக்கு ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர். உடன் வரும் துணைக்கும் குழந்தைகளுக்கும் அதே விதிதான். இவை வாசலைத் தாண்டுவதற்கான அளவு, அவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருக்க நேர்ந்தால் பற்றாமல் போகலாம்.

வேலை தரும் நிறுவனம் காப்பீடு தருகிறது என்றால் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். மனைவி, குழந்தைகளும் சேர்த்தியா? எந்தத் தேதியிலிருந்து? பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி தொடங்கியும் அதற்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம், உண்டா? குடும்பத்தைச் சேர்க்கப் பல இடங்களில் கெடு இருக்கிறது. வீடு தேடும் அலைச்சலில் அதைத் தவறவிட்டு, அடுத்த வாய்ப்புக்குப் பல மாதம் காத்திருந்தவர்கள் உண்டு.

சொந்த நாட்டு பாலிசியை 'இங்கேதான் இல்லையே' என்று நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வந்து புதிதாக எடுத்தால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அதற்குள் வயதும் ஏறியிருக்கும்.

அப்புறம், பல் மருத்துவத்தையும் கண்ணாடி மாற்றுவதையும் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். மருந்துகளின் மூலப்பெயரோடு (பிராண்ட் பெயர் மட்டும் போதாது) மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பாலிசி எண்ணையும் 24 மணி நேர உதவி எண்ணையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, அம்மாவின் கைப்பையில் அந்த மாத்திரை அட்டைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது அதைத் தேடப்போவது அவர்தான்.