பச்சை விறகில் பாதி தண்ணீர்

ஆஸ்திரியாவில் பல வீடுகளின் நிலவறையில் ஒரு விறகுக் கொதிகலன் இருக்கும். அது சூடாக்கும் தண்ணீர் குழாய் வழியே அறை அறையாகச் சுற்றிக் குளிரைப் போக்குகிறது. அதற்கு எந்த மரம் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். உண்மையில் எடைக்கு எடை பார்த்தால் கனத்த பீச் மரமும் லேசான ஸ்ப்ரூஸ் மரமும் தரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் பார்க்க வேண்டியது ஈரத்தை.

அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் சுமார் பாதி தண்ணீர். அந்த விறகில் ஒரு கிலோவை எரித்தால் 2 யூனிட்டுக்குச் சற்று மேல், அதாவது 2.2 கிலோவாட் மணி அளவுக்கு வெப்பம் கிடைக்கும். பிளந்து அடுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்தினால் அதே ஒரு கிலோ 4 யூனிட் தரும். ஈர விறகில் எரிய வேண்டிய மரமே குறைவு. இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது.

இழப்பு இதோடு நிற்பதில்லை. விறகின் பெரும்பகுதி கட்டையாக எரிவதில்லை. சூட்டில் அது வாயுவாகப் பிரிகிறது. சுடர்விட்டு எரிவது அந்த வாயுதான். நவீன கொதிகலன் அடியில் கொஞ்சம் காற்றைவிட்டு வாயுவைப் பிரித்தெடுத்து, வேறொரு அறையில் மீண்டும் காற்றூட்டி எரிக்கிறது. ஈர விறகு இந்த அறையின் சூட்டைத் தணித்துவிடும். எரியாத வாயு புகையாகவும் தாராகவும் மாறிப் புகைபோக்கியில் படியும். காற்றைக் குறைத்துத் தீயை அடக்கினாலும் இதே கதைதான். ஆகவே விறகை முழு வேகத்தில் எரியவிட்டு, மிஞ்சும் வெந்நீரைப் பெரிய தொட்டியில் சேமிப்பதே முறை.

விறகு பிளக்க ஆளில்லாத வீட்டுக்குப் பெல்லட் வசதி. மரத்தூளை அழுத்திச் செய்த, பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சிகள் இவை. அழுத்தும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பசை இளகித் தூளைப் பிணைத்துவிடும். பெல்லட்டுக்கான ஐரோப்பியத் தரச்சான்றில் ‘இஎன்பிளஸ் ஏ1’ தரம் என்றால் ஈரம் 10 சதவீதத்துக்கும் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் மிகாது. 2 கிலோ பெல்லட் ஏறத்தாழ கொதிகலனில் எரிக்கும் எண்ணெய் ஒரு லிட்டருக்குச் சமம்.

வைக்கோல் பெல்லட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. வெப்பத்தில் அது மரத்துக்கு அதிகம் பின்தங்குவதில்லை, சாம்பலில்தான் வினை. வைக்கோலில் பொட்டாசியமும் சிலிக்காவும் மிகுதி. மரச்சாம்பல் தூளாகவே இருக்கும் சூட்டில் வைக்கோல் சாம்பல் உருகி, கண்ணாடிபோல் இறுகி, எரிபொருள் எரியும் தட்டை அடைத்துவிடும். அதிலுள்ள குளோரின் இரும்பையும் அரிக்கும். இதற்கென்றே வடிவமைத்த கொதிகலன் இல்லாதவர்கள் வைக்கோலை விட்டுவிடலாம்.

பெல்லட் கிடங்கில் ஓர் ஆபத்து உண்டு. புதிய பெல்லட்டிலுள்ள மர எண்ணெய்கள் காற்றுடன் வினைபுரிந்து நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை வெளியிடும். மூடிய கிடங்குக்குள் இறங்கியவர்கள் உயிரிழந்ததும் உண்டு. கிடங்குக்கு வெளிக்காற்று வந்துபோக வழி வேண்டும். உள்ளே இறங்கும் முன் கொதிகலனை நிறுத்தி, கதவைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட வேண்டும். துணைக்கு ஒருவர் வெளியே நிற்க வேண்டும்.