முதலில் சூடு, பிறகு பால்

"மழையில் நனைந்து கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து உடனே பால் புகட்டினோம். குடித்தது. ஆனால் வயிறு உப்பிக்கொண்டு சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. பாலில் ஏதாவது கோளாறா?" ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் இந்தக் கேள்வி பல வாய்களிலிருந்து வரும். பாலிலும் கோளாறு இருந்திருக்கலாம். அதைப் பின்னால் பார்ப்போம். பெரும்பாலும் காரணம் வேறு. பாலைச் செரிக்கும் சூடு அந்தக் குட்டியின் உடம்பில் இல்லை.

வளர்ந்த நாயின் உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் 35 முதல் 37 டிகிரிதான். தாயின் அளவை எட்ட நான்கு வாரம் ஆகும். அதுவரை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. குளிரில் உடம்பு நடுங்குவதே சூடு உண்டாக்கும் வேலை. அந்த நடுக்கம் முதல் ஆறேழு நாட்களுக்கு வராது. தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் குறைவு. எரிந்து சூடு தரும் பழுப்புக் கொழுப்பு என்ற ஒரு சிறிய கையிருப்பு உண்டு. பட்டினி கிடந்தால் அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோகும். சிறிய உடலுக்கு எடையை ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், அதனால் சூடு சீக்கிரம் வெளியேறும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான்.

ஈரம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 300 கிராம் குட்டியின் உடல் சூடு ஒரு டிகிரி இறங்க ஏறத்தாழ ஒரு கிலோஜூல் வெளியேறினால் போதும். அப்படியானால், தோலில் ஒட்டியிருக்கும் ஒரு கிராம் ஈரம் முழுக்கக் குட்டியின் சூட்டை எடுத்தே காய்ந்தால், உடம்பு இரண்டு டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். தாய் நாய் ஈன்றவுடன் குட்டியை நக்கித் துடைப்பது இதனால்தான் அவ்வளவு முக்கியம். நம் ஊர் வெயில் ஊர்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. 27 டிகிரி சிமெண்ட் தரையும் ஓடும் மின்விசிறியும் ஈரக் குட்டிக்குக் கடுங்குளிர்தான்.

குட்டியின் சூடு ஏறத்தாழ 34.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குடல் அசைவு நின்றுபோகும். ஸ்டெத்தாஸ்கோப்பை வயிற்றில் வைத்தால் வழக்கமான குடல் சத்தம் கேட்காது. இந்த நிலையில் உள்ளே போகும் பால் இரைப்பையிலேயே தேங்கி, புளித்து, வாயுவாகும். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். ஏற்கெனவே மந்தமாக இருக்கும் மூச்சு இன்னும் திணறும். பால் எதிர்க்களித்து மேலே வந்தால் நுரையீரலுக்குள் இறங்கும், ஏனென்றால் அதைத் தடுக்கும் ஓங்கரிப்பு முதல் பத்து நாட்களில் வலுவாக இருப்பதில்லை. பசிக்குக் கொடுத்த பாலே இப்படித்தான் குட்டியைக் கொல்கிறது.

குளிர்ந்த குட்டி சப்பாது. சப்பாவிட்டால் சீம்பாலும் போச்சு. நாய்க்கும் பூனைக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்களான இம்யூனோகுளோபுலின்களில் மிகச் சிறு பங்கே நஞ்சுக்கொடி வழியாகக் கிடைக்கும். மற்றதெல்லாம் சீம்பால் வழியாகத்தான். அந்தப் பெரிய புரதங்களை அப்படியே ரத்தத்துக்குள் விடும் குடலின் கதவு பிறந்த சில மணி நேரத்திலேயே சாத்தத் தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் முழுக்க மூடிவிடும். பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் உணவு மட்டுமே.

எனக்கு இதில் மிகவும் வியப்பானது ஒரு வைரஸ். நாய் ஹெர்பிஸ் வைரஸ் நன்றாகப் பெருகுவது 35, 36 டிகிரி சூட்டில். வளர்ந்த நாயின் உட்புறம் அதற்குச் சூடு அதிகம். அதனால் மூக்கு, பிறப்புறுப்பு போன்ற சற்றே குளிர்ந்த சவ்வுகளில் ஒதுங்கிக் கிடக்கும். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் மூன்று வாரத்துக்குட்பட்ட குட்டியின் உடம்பு முழுவதுமே அதற்குப் பிடித்த சூட்டில் இருக்கிறது. கல்லீரல், சிறுநீரகம் என எங்கும் பரவுகிறது. நேற்றுவரை கொழுகொழுவென்று இருந்த குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன. ஒரே வைரஸ், ஒரே இனம். இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். நோய் முற்றிய பிறகு சிகிச்சை பெரும்பாலும் பலிப்பதில்லை. எனவே படுக்கையைத் தொடக்கத்திலிருந்தே சூடாக வைத்திருப்பதே நம் கையில் உள்ள நல்ல தடுப்பு.

இங்கே ஒரு மூடநம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "தாயே ஒதுக்கிவிட்டது, இனிப் பிழைக்காது" என்று குட்டியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தாய் எதிர்காலத்தைக் கணிப்பதில்லை. சில்லிட்டு, அசையாமல், சத்தம் போடாமல் கிடக்கும் குட்டியை அது கவனிக்காமல் விடுவதுண்டு. சூடேற்றித் திரும்ப வைத்தால் பல நேரம் தானே நக்கிச் சேர்த்துக்கொள்ளும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும், நம்மோடு பழகி வளர்ந்த நாயைப் பொறுத்தவரை வீண் பயம்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் துண்டால் ஒற்றி நன்றாகத் துவட்டுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாஸலின் தடவி ஆசனவாயில் மெல்ல வைத்து அளவெடுங்கள். அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும், துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் ஊர்ந்து போக இடம் வேண்டும். படுக்கை மட்டத்தில் 30 டிகிரி அளவு இருக்கட்டும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற்றுங்கள். அவசரப்பட்டு அடுப்பருகே கொண்டுபோனால் தோல் சட்டென்று சூடாகி ஆக்சிஜனைக் கேட்கும். குளிர்ந்து மந்தமான இதயத்தால் அதை அனுப்ப முடியாது. பல் ஈறுகளில் ஒரு சொட்டு குளுக்கோஸ் கரைசலைத் தடவலாம், வாயில் ஊற்றக் கூடாது.

35.5 டிகிரியைத் தாண்டி, விரலை வைத்தால் சப்புகிறதா? இப்போது பால் கொடுக்கலாம். முதல் வாரத்தில் 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 13 முதல் 15 மில்லி. 300 கிராம் குட்டிக்கு 45 மில்லி, எட்டு வேளையாகப் பிரித்தால் ஐந்தரை மில்லி. முதல் வேளை அதில் பாதி போதும். குப்புறப் படுக்க வைத்துத்தான் புகட்ட வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்தினால் பால் மூச்சுக்குழலில் இறங்கும். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, லாக்டோஸ் குறைவு. பசும்பாலால் வயிற்றை நிரப்பினால் சத்து போதாது, கழிச்சலும் வரும். அதில் தண்ணீர் கலப்பது இன்னும் மோசம். நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர் வாங்குங்கள், பூனைக்குட்டிக்குப் பூனைக்கானது. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் தடவுங்கள். மூன்று வாரம் வரை இந்தத் தூண்டுதல் இல்லாமல் சிறுநீரும் மலமும் போகாது.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், சமையலறைத் தராசு போதும். நாய்க்குட்டி பிறந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் தினமும் ஏற வேண்டும். பூனைக்குட்டி 10 முதல் 15 கிராம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் இனங்களுக்கென்று இனவாரியான பிறப்பெடை, வளர்ச்சி அட்டவணைகள் ஒவ்வொரு வளர்ப்பவர் கையிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாட்டு இனங்களைக் காக்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, முதல் மூன்று வாரத்தில் எத்தனை குட்டி எதனால் சாகிறது என்று பதிவு செய்யும் எளிய ஆய்வுக்குப் போகட்டும்.

மூன்று மணி நேரம் சூடேற்றியும் உடம்பு சில்லென்றே இருந்தால், மூக்கில் பால் வந்தால், வயிறு நிறைந்தும் கத்திக்கொண்டே இருந்தால், எடை ஒரே நாளில் இறங்கினால், காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும் வழியிலும் வெந்நீர் பாட்டில் பெட்டிக்குள் இருக்கட்டும்.