எலிக்குக் கால் பொருத்தியாயிற்று, மனிதருக்கு?

கை இழந்தவரோடு வரும் உறவினர்கள் கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டுவார்கள்: ஒரு எலியின் காலை இன்னொரு எலிக்குப் பொருத்திவிட்டார்கள். "அப்போ இவருக்கும் முடியும்தானே டாக்டர்?"

முடியும். 1998-லேயே பிரான்சின் லியோன் நகரில் இறந்தவரின் கையை இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். ஆனால் எலியிடம் கிடைத்த பதிலை அப்படியே மனிதருக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

எலியின் தொடைத் தமனி ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. தலைமுடியைவிட மெல்லிய நூலால், நுண்ணோக்கி வழியே பார்த்து அதைத் தைப்பார்கள். ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைத்திருந்த கிளிப்பை எடுத்ததும், வெளுத்துக் கிடந்த பாதத்தில் இளஞ்சிவப்பு ஏறும். கைத்திறனுக்கான சோதனை அதோடு முடிந்தது. அப்புறம்தான், வேறொருவரின் உறுப்பை ஏற்க மறுக்கும் உடலின் எதிர்ப்பு. அதை அடக்கும் மருந்து கொடுக்காவிட்டால், வேறு இன எலியின் கால் ஒரு வாரத்துக்குள்ளாகவே சிவந்து, வீங்கி, தோல் உரியத் தொடங்கும். தோல், தசை, எலும்பு என்று தனித்தனியாகப் பொருத்திப் பார்த்தபோது, உடல் மிகக் கடுமையாக எதிர்ப்பது தோலைத்தான் என்று தெரிந்தது. பொருத்திய சிறுநீரகத்தைவிடப் பொருத்திய கையைக் காப்பாற்றுவது கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1964-ல் ஈக்வடாரில் பொருத்திய கையைச் சில வாரங்களிலேயே அகற்ற வேண்டியதாயிற்று. அன்று போதுமான மருந்து இல்லை. 1990-களில், மனிதத் தோலை ஒத்த தோல் கொண்ட பன்றிகளில் டாக்ரோலிமஸ் உள்ளிட்ட, எதிர்ப்பை அடக்கும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் மருத்துவர்களுக்குத் துணிவு வந்தது. லியோனில் கை பெற்றவரோ பிறகு மருந்தை நிறுத்திவிட்டார். 2001-ல் அவர் கேட்டுக்கொண்டபடியே அந்தக் கையை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று நரம்பு. மனிதரில் அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். எலியின் நரம்பு கடக்க வேண்டியது சில சென்டிமீட்டர்தான். முழங்கைக்கு மேலே பொருத்திய கையில் விரல் நுனிவரை போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேலாகும். அதற்குள் உள்ளங்கையின் சிறு தசைகள் சூம்பிவிடக்கூடும். எலி காலை ஊன்றி நடப்பதும் நாம் சட்டைப் பொத்தானைப் போடுவதும் ஒன்றல்ல.

எலியின் ஆயுளே இரண்டு மூன்று வருடம்தான். மனிதரோ இந்த மருந்துகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, சர்க்கரை நோய், புற்றுநோய் என்று இருபது வருடத்தில் வரக்கூடியதை எலி எப்படிக் காட்டும்? உயிர் காக்கும் சிகிச்சையும் அல்ல இது. அதனால் இரண்டு கையும் இழந்தவர்களுக்குத்தான் இதை முதலில் யோசிப்பேன். ஒரு கை நன்றாக இருப்பவர், செயற்கைக் கையைப் பழகிப் பார்த்த பிறகு முடிவெடுக்கட்டும்.

துண்டான சொந்தக் கையை மறுபடி சேர்ப்பது வேறு விஷயம். அதற்கு எதிர்ப்பை அடக்கும் மருந்து வேண்டாம், ஆனால் நேரம் மிகக் குறைவு. தசை நிறைந்த பகுதி குளிர்ச்சி இல்லாமல் ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படவே கூடாது. கிளம்பும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்து, நுண்ணறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.