வைரஸ் அடங்கிவிட்டது, எஸ்ஜிபிடி ஏன் இறங்கவில்லை?

அவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாதி சிரிப்பும் பாதி கவலையுமாக உள்ளே வந்தார். ஹெபடைடிஸ் பி-க்காக நாலு வருடமாக டெனோஃபோவிர் சாப்பிடுகிறவர், ஒரு வேளை கூடத் தவறவிட்டதில்லை. வைரஸ் லோடு தொடர்ந்து மூன்றாவது முறையாக ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்திருந்தது. அதே தாளில் நாலு வரி கீழே, கல்லீரல் செல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதியான எஸ்ஜிபிடி 74.

“வைரஸே தெரியலைன்னா இது ஏன் டாக்டர் இறங்க மாட்டேங்குது? மாத்திரையை மாத்திப் பார்க்கலாமா?”

எடை பார்க்கச் சொன்னேன். 83 கிலோ. சிகிச்சை ஆரம்பித்த அன்று கோப்பில் இருந்தது 71. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. ஸ்கேனில் கல்லீரல் பக்கத்திலிருக்கும் சிறுநீரகத்தைவிட வெள்ளையாகத் தெரிந்தது. கொழுப்பு படிந்தால் அப்படித்தான் தெரியும். கோப்பைப் புரட்டினேன். வைரஸ் லோடு ரிப்போர்ட்டுகள் தேதிவாரியாக அடுக்கி இருந்தன. எடை மட்டும் முதல் நாளுக்குப் பிறகு எங்குமே எழுதப்படவில்லை. எழுதியிருக்க வேண்டியவன் நான்தான்.

ஹெபடைடிஸ் பி மாத்திரையின் வேலை வைரஸ் பெருகாமல் தடுப்பது. வைரஸின் மூல வடிவம் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் பதுங்கியிருக்கும், அதை மாத்திரை தொடாது. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கிறது. எடை கூடினாலும் சர்க்கரை வந்தாலும் மாத்திரை தன் வேலையைச் சரியாகவே செய்யும். சொல்லப்போனால் கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்களுக்கு வைரஸ் அளவு சற்றுக் குறைவாக இருப்பதாகவே பல ஆய்வுகள் சொல்கின்றன. ஏமாற்றுவதே அதுதான். வைரஸ் லோடு அழகாக இருக்கும், கொழுப்பால் வரும் அழற்சி சத்தமில்லாமல் தழும்பை வளர்த்துக்கொண்டிருக்கும். சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் கல்லீரல் புற்றுநோய்க்கான அபாயமும் கூடுகிறது.

அவர் கேட்டபடி மாத்திரையை மாற்றியிருந்தால்? டெனோஃபோவிரில் இரண்டு வகை உண்டு. புதிய வகையான அலாஃபெனமைடு எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் பழையதிலிருந்து அதற்கு மாறியவர்கள் சிலருக்கு எடையும் கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஏறுகின்றன. இவர் விஷயத்தில் அது வேண்டாத வேலை. அதைவிட மோசமானது, ‘பலன் இல்லை’ என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவது. அப்படி நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் சீறிக் கிளம்பி, மஞ்சள் காமாலையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹெபடைடிஸ் சி-யின் கதை வேறு. இந்த வைரஸ் உடலின் கொழுப்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டே ரத்தத்தில் பயணம் செய்கிறது. இன்சுலின் சொல்வதைச் செல் கேட்காதபடியும் செய்கிறது. அதனால் இந்தத் தொற்று உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் கூடுதலாக வருகிறது. மூன்றாம் மரபு வகை வைரஸோ கல்லீரலில் கொழுப்பைத் தானே சேர்த்துவிடும். இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் எடையும் சர்க்கரையும்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. 48 வாரம் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் கொடுத்தும் முதல் மரபு வகைக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் குணமாகும். இன்சுலினுக்கு உடல் மசியாதவர்களுக்கு அதுவும் குறையும். “ஊசி ஆரம்பிக்கும் முன் எடையைக் குறைத்துக்கொண்டு வாங்க” என்று அனுப்பி வைத்த நாட்கள் உண்டு.

2013-இல் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது. அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணம். பருமனோ சர்க்கரையோ அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. நல்ல செய்திதான். ஆனால் அந்த வசதியிலேயே எடையைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் பேசுவதை நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு அம்மா, வயது ஐம்பத்தெட்டு. ஹெபடைடிஸ் சி மாத்திரை ஆரம்பித்து ஐந்தாவது வாரம். விடியற்காலையில் நைட்டி நனையும் அளவுக்கு வியர்வை, கை நடுக்கம். புது மாத்திரையின் பக்கவிளைவு என்று முடிவு செய்து அதை நிறுத்தப் போனார்கள். நல்லவேளையாக மகள் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்திருக்கிறார்: 54. வைரஸ் விலகியதும் இன்சுலின் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. சர்க்கரைக்காகப் பழைய அளவில் போட்டுவந்த கிளிமெபிரைடு மாத்திரை இப்போது அதிகப்படி. அதைப் பாதியாக்கினோம், வைரஸ் மாத்திரையைத் தொடர்ந்தோம். சர்க்கரைக்கு இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சிகிச்சை முடியும் வரை வீட்டிலேயே அடிக்கடி சர்க்கரை பார்ப்பது நல்லது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (ஹெச்பிஏ1சி) மட்டும் நம்ப முடியாது. கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போன சிரோசிஸில் மண்ணீரல் வீங்கிச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்தால் அந்த எண் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரிபாவிரின் சாப்பிடும்போதும் அப்படியே.

கொலஸ்ட்ரால் இதற்கு நேர்மாறு. வைரஸ் இருக்கும்வரை கெட்ட கொலஸ்ட்ரால் குறைவாகவே இருக்கும், குணமான பிறகு ஏறும். “எனக்குக் கொலஸ்ட்ராலே கிடையாது டாக்டர்” என்றவர்களுக்குச் சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் 150, 160 என்று நிற்கும். அப்போது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினால், கல்லீரல் நோயாளிக்கு இதைக் கொடுக்கலாமா என்று மருந்துக்கடையிலேயே கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். நிலையாக உள்ள கல்லீரல் நோயில் தாராளமாகக் கொடுக்கலாம். வயிற்றில் நீர் கோர்த்து, மஞ்சள் காமாலை வந்த நிலை என்றால்தான் தனியாக யோசிக்க வேண்டும். இன்னொன்று: சி-க்கான சோஃபோஸ்புவிர் – வெல்படாஸ்விர் கூட்டு மாத்திரை எடுக்கும் வாரங்களில் ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. வயிற்று எரிச்சலுக்குப் போடும் ஒமெப்ரசோல் வெல்படாஸ்விரை உடலில் முழுதாகச் சேரவிடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் சோஃபோஸ்புவிர் எடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். ஆகவே எதற்கு வந்தாலும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்கிறேன். ‘கல்லீரலைச் சுத்தம் செய்யும்’ பொடி ஏதாவது அந்தப் பையில் இருந்தால் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பேன்.

சிரோசிஸ் வந்த பிறகு சி வைரஸ் போனவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பதை விடக் கூடாது. அதிலும் சர்க்கரை இருந்தால் கண்டிப்பாக.

சரி, அந்த 83 கிலோக்காரருக்கு வருகிறேன். “எவ்வளவு குறைக்கணும்?” என்று கேட்டார். உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கரைய ஆரம்பிக்கும். அழற்சி அடங்க ஏழு முதல் பத்து, தழும்பு குறைய பத்தோ அதற்கு மேலோ வேண்டும். “அப்போ முதல்ல நாலு கிலோ,” என்றார் அவரே கணக்குப் போட்டு. ஒரே மாதத்தில் வேண்டாம் என்றேன். பட்டினி கிடந்து படபடவென்று இளைத்தால் கல்லீரலுக்கு அதுவும் சுமை. வாரக் கடைசியில் குடிப்பதை முழுதாக விடச் சொன்னேன். அதற்கு மட்டும் கொஞ்சம் முகம் வாடியது.

ஏழு மாதம் கழித்து வந்தார். எஸ்ஜிபிடி 38. ஆய்வகத் தாளில் அது நார்மல் வரம்புக்குள்தான். ஆனால் ஆண்களுக்கு 35-க்குக் கீழே இருந்தால்தான் எனக்குத் திருப்தி. வைரஸ் ரிப்போர்ட்டை அவர் இந்த முறை பிரித்துக்கூடக் காட்டவில்லை. பெல்ட்டில் புதிதாக ஆணியால் போட்ட ஓட்டையைக் காட்டினார். கோப்பில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில், மற்ற எதற்கும் முன்னால், 77.5 கிலோ என்று எழுதினேன்.